குறட்டை விட்டுத் தூங்குகிறவன்

குறட்டை ஒரு நோய் இல்லை, அண்ணாச்சி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பச்சை அங்கியையும் கையில் குத்தி வைத்திருக்கிற ஊசியையும் பார்த்து, பாவம், இந்த ஆளுக்கு என்னவோ ஏதோ என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எனக்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று காட்டத்தான் வந்திருக்கிறேன். காலையிலிருந்து ஒரு வாய் காப்பி கிடையாது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், வந்திருக்கிறேன். வராமல் இருந்தால் 'தவசிமுத்து பயந்துட்டான்' என்று பேச்சு வரும். நான் எதற்குப் பயப்பட வேண்டும்?

ஆபரேஷன் தியேட்டருக்குள்ளே இருப்பது உங்கள் மகளா? என்ன படிக்கிறாள்? மூன்றாம் வகுப்பா, நல்லது. தொண்டைச் சதையா, மூக்குச் சதையா? இரண்டுமா? பயப்படாதீர்கள். இங்கே அது தினமும் நடக்கிற காரியம். சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் கேட்பாள், பாருங்கள்.

என்ன, அவளும் குறட்டை விட்டாளா? அதற்காகவா கொண்டுவந்தீர்கள்?

சரி, பிள்ளைகள் விஷயம் வேறு. பிள்ளைகள் குறட்டை விடக் கூடாதுதான். நான் வண்டி ஓட்டுகிறவன். நாள் முழுக்க உழைக்கிறவன். உழைத்தவன் படுத்தால் குறட்டை வரும். அது உழைப்புக்குக் கிடைக்கிற கூலி. அதைப் போய் வியாதி என்று சொன்னால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

இந்தக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு நான் புது ஆள் இல்லை. இங்கே என்னைத் தெரியாத டாக்டர் கிடையாது. என் இடது காதில் ஓர் ஓட்டை உண்டு. சின்ன வயதில் சீழ் வடிந்து வடிந்து சவ்வில் விழுந்த ஓட்டை. அழகான ஓட்டை என்று பெரிய டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். நடுவில், வட்டமாக, ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கும். தைத்து மூடிவிடலாம் என்று சொல்லிப் பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூடிவிட்டால் பரீட்சைக்கு என்னை யார் கூப்பிடுவார்கள்?

பரீட்சை எனக்கு இல்லை, டாக்டர்களுக்கு. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு, காது மூக்கு தொண்டைக்கென்று மேல்படிப்புக்கு இங்கே வருகிறார்கள் அல்லவா, அவர்களுக்கு. மூன்று வருடம் இந்த ஆஸ்பத்திரியிலேயே கிடந்து படிக்கிறார்கள். கடைசியில் பரீட்சை. வெளியூரிலிருந்து எக்ஸாமினர்கள் வருவார்கள். பரீட்சை நடத்த நோயாளிகள் வேண்டும். அந்த நோயாளிகளுக்குக் 'கேஸ்' என்று பெயர். ஒரு மேசைக்கு ஒரு கேஸ். பரீட்சை எழுதுகிற டாக்டர் எங்கள் முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் கேட்டு, சோதித்து, இன்ன வியாதி என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் வாயைத் திறந்து வியாதியைச் சொல்லக் கூடாது. அதுதான் சட்டம்.

ஆனால் எதிரே ஒரு பிள்ளை திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கு மனசு கேட்கும்? என் காதுக்குள் எட்டிப் பார்க்க டாக்டர் குனிவார். அப்போது அவர் காது என் வாய்க்குப் பக்கத்தில் வரும். நான் உதட்டை அசைக்காமல், 'லெஃப்ட் இயர். சென்ட்ரல் பெர்ஃபொரேஷன். டிரை' என்பேன். இடது காது, நடுவில் ஓட்டை, சீழ் இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். அந்தப் பிள்ளை முகத்தில் உயிர் வரும். இப்படி நான் பாஸ் பண்ணிவிட்ட டாக்டர்கள் எத்தனை ஊரில் போர்டு மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? பரீட்சை நெருங்கினால் முதல் போன் எனக்குத்தான் வரும். 'தவசியண்ணே, வந்துருவீங்கள்ல?' என்பார்கள். காலையில் பொங்கல், மத்தியானம் பிரியாணி, போக வரப் பஸ் காசு. ஆனால் நான் அதற்காகப் போவதில்லை. நாலு பேர் டாக்டராகட்டும் என்றுதான் போவேன்.

அப்படிப் போன இடத்தில்தான், போன பரீட்சையில், அந்த நிறைமதி என் மேசைக்கு வந்தாள்.

டாக்டர் நிறைமதி. திருவண்ணாமலைப் பக்கத்துப் பொண்ணு. ஒல்லியாக இருப்பாள். குனிந்து என் காதைப் பார்த்தாள். நான் வழக்கம்போல விடையைச் சொன்னேன். வேறு யாராக இருந்தாலும் கண்ணாலேயே கும்பிடு போட்டிருப்பார்கள். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தெரியும் ஐயா" என்றாள். அவ்வளவுதான். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

பிறகு எல்லாரும் கேட்கிற கேள்விகளை வரிசையாகக் கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, பீடி உண்டா, குடி உண்டா. அந்த வரிசையில் கடைசியில் தூக்கமும் வரும். ஒவ்வொரு வருடமும் அதற்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன். "குறட்டை விட்டுத் தூங்குவேன், டாக்டர்." அவர்களும் ஒவ்வொரு வருடமும் 'தூக்கம் நன்று' என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். இவள் எழுதவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"குறட்டை விட்டா?"

"ஆமா தாயி. அடிச்சுப் போட்ட மாதிரி."

"காலையில எழுந்திரிக்கும்போது உடம்பு லேசா இருக்குமா?"

"அதெப்படி லேசா இருக்கும்? தூங்கி எந்திரிச்சா எல்லாருக்கும் தல பாரமாத்தானே இருக்கும்?"

"பகல்ல கண்ணு சொக்குமா ஐயா?"

"பகல்ல யாருக்குத்தான் சொக்காது? நீங்க எப்பம்மா தூங்குனீங்க? கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கே!"

"முந்தாநாள் தூங்குனது" என்றாள். "அதனாலதான் இன்னைக்கு ஸ்கூட்டரத் தொடல. பஸ்ல வந்தேன்."

இது என் கேள்விக்குப் பதிலா, அண்ணாச்சி? நான் தூக்கத்தைக் கேட்டால் அவள் ஸ்கூட்டரைச் சொல்கிறாள். அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். அவள் தாளை முதல் பக்கத்துக்குத் திருப்பி, நான் முதலில் சொன்னதைப் படித்துப் பார்த்தாள்.

"டிரைவர்னு சொன்னீங்க. என்ன வண்டி ஐயா?"

"ஸ்கூல் வேன். சொந்த வண்டி. எங்க பக்கத்துப் பிள்ளைங்க பூராவும் என் வண்டியிலதான்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவள் முகம் மாறியது. சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பேனாவை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

பிறகுதான் தெரிந்தது. அந்த வருடம் இங்கே ஒரு புதுப் பேராசிரியர் வந்து, இவர்களுக்கெல்லாம் தூக்கத்துக்கென்றே தனியாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார். காதுக்கும் மூக்குக்கும் படிக்க வந்தவர்களுக்குத் தூக்கம் எதற்கு என்று நான் கேட்டேன். தொண்டை வழியாகத்தானே மூச்சு போகிறது, தூங்கும்போது அது மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்று பதில் சொல்கிறார்கள். தலையிலும் நெஞ்சிலும் வயரை ஒட்டிக்கொண்டு, அவர்களே ஒவ்வொருவராகப் படுத்துப் பார்த்தார்களாம். அந்தப் பேராசிரியர் ஒன்று சொல்லிக்கொடுத்திருக்கிறார் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. யாராவது 'குறட்டை விட்டுத் தூங்குவேன்' என்று சொன்னால் அதை நல்ல தூக்கம் என்று எழுதக் கூடாதாம். அது பெருமை இல்லையாம், புகாராம்!

நம் பேச்சையே தலைகீழாக்குகிறார்கள். ஒருவன் குறட்டை விட்டுத் தூங்குகிறான் என்றால் கவலையில்லாமல் தூங்குகிறான் என்றுதானே அர்த்தம்? கல்யாண வீட்டில் வேலையெல்லாம் முடிந்து ஒருவன் மூலையில் குறட்டை விட்டால், கொடுத்து வைத்தவன் என்றுதானே சொல்கிறோம்? ஆம்புலன்ஸா கூப்பிடுகிறோம்?

அதோடு விட்டாளா? "வீட்ல இருந்து யாரும் வந்திருக்காங்களா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரி பாக்கியத்தாய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். பிரியாணிக்கு அவளும் கூட வருவாள். கூப்பிட்டு உட்கார வைத்து, "ஐயா தூங்கும்போது எப்படி இருப்பார்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

"அத ஏன் கேக்கீய டாக்டரம்மா? லாரி மேடு ஏறுத மாதிரிச் சத்தம். சத்தம்கூடப் பரவால்ல, பழகிட்டு. திடீர்னு சத்தம் நின்னுரும் பாருங்க, அப்பதான் எனக்கு உசுரே போவும். நெஞ்சு ஏறி எறங்கும், மூச்சு வராது. முழங்கையால ஒரு இடி இடிப்பேன். கெணத்துல முங்குனவன் மேல வந்த மாதிரி 'ஹா'ன்னு ஒரு இழுப்பு. பொறவு திரும்ப லாரி."

"யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?"

"சொல்லாம என்ன? எல்லாருகிட்டயும் சொன்னேன். படுத்த ஒடனே தூங்கிருதாருல்லா, நீ குடுத்து வச்சவன்னு சொன்னாவ."

"ஏளா, கொஞ்சம் சும்மா இருக்கியா?" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க. முதல் தடவையா ஒரு ஆளு கேக்கு."

எனக்கு மானம் போயிற்று, அண்ணாச்சி. பக்கத்து மேசையில் தைராய்டு கேஸ், அதற்கடுத்த மேசையில் மூக்குத் தண்டு கேஸ். எல்லாரும் காலம் காலமாக என்னோடு பொங்கல் சாப்பிட்டவர்கள். அத்தனை பேர் முன்னாலும் என் வீட்டுப் படுக்கையை விரித்துக் காட்டிவிட்டாள். பெண்டாட்டிக்குத் தூக்கம் வரவில்லை என்பதற்காகப் புருஷனை நோயாளி ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

பிறகு எக்ஸாமினர் வந்தார். வெளியூர்க்காரர், நரைத்த மீசை, சிரிக்கத் தெரியாத முகம். "டயக்னாஸிஸ் சொல்லு" என்றார். சொல்லிவிடுவாள், நாம்தான் விடையைக் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தேன். அவள் என்ன சொன்னாள் என்றால்...

அவள்...

என்ன? இல்லையே, தூங்கவில்லை. சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன். கண்ணை மூடினால் நடந்ததெல்லாம் அப்படியே தெரியும், அதற்காக மூடினேன். நீங்கள் தோளைத் தொட்டிருக்க வேண்டாம். எங்கே விட்டேன்? பொங்கலா? இல்லை, எக்ஸாமினர்.

"இடது காதுல சவ்வு ஓட்டை சார்" என்றாள். சரியான விடை! பிறகு அதோடு நிறுத்தாமல், "ஆனா இவருக்கு அவசரம் காது இல்ல சார்" என்றாள்.

"நான் காதைத்தான் கேட்டேன்."

"தெரியும் சார். இவர் ஸ்கூல் வேன் ஓட்டுறார் சார்."

"அதனால?"

போச்சு, இந்தப் பொண்ணு ஃபெயில் என்று நினைத்தேன். அவள் மேல் எனக்குக் கோபம்தான். ஆனாலும் மூன்று வருடம் படித்த பிள்ளை. கண்ணை மூடி அவளுக்காக ஒரு நிமிஷம் சாமி கும்பிட்டேன். கண்ணைத் திறந்து பார்த்தால், எக்ஸாமினர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் மூக்குக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார். கண் கைக்கடிகாரத்தில் இருக்கிறது. என் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருக்கிறது. அது மூச்சுக்காற்று ரத்தத்தில் எவ்வளவு சேருகிறது என்று காட்டுமாம். தைராய்டு, மூக்குத் தண்டு எல்லாம் எழுந்து வந்து சுற்றி நிற்கிறார்கள்.

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்றார்.

"சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஐயா."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் விரலிலிருந்த கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டிப் பார்த்தார். மெஷின் கெட்டுப்போயிருக்கும் என்று சந்தேகம் போல. திரும்பக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அவளைப் பார்த்து, "சொல்லும்மா. காதை விடு. தூக்கத்தைச் சொல்லு" என்றார்.

அவள் பாஸாகிவிட்டாள். காதை ஒரே வரியில் முடித்துவிட்டுப் பாஸாகிவிட்டாள்! என் காதுக்கு அன்றைக்கு ஒரு மரியாதையும் இல்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் என்னை மடக்கினாள். "ஐயா, ஒரு நாள் வந்து டெஸ்ட் எடுத்துக்கங்க. அதுவரைக்கும் வண்டிய மட்டும் ஓட்டாதீங்க" என்றாள். நான் நன்றாகக் கேட்டுவிட்டேன். "நீங்க கேஸைக் கண்டுபிடிச்சிட்டீங்க, பாஸாயிட்டீங்க. இனி என்னை விட்டுருங்கம்மா. நான் வண்டி ஓட்டாட்டி என் வீட்ல உல கொதிக்காது" என்றேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல வண்டி எடுத்தேன். அதற்கடுத்த நாளும் எடுத்தேன். பாக்கியத்தாய்தான் வாசலில் நின்று வண்டி தெரு திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். அது அவளுக்குப் புதுப் பழக்கம்.

இப்போது என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் எனக்கு நடந்த அநியாயம் உங்களுக்கு விளங்கும். அந்தப் பிள்ளைகளுக்கு என் மேல் அப்படி ஒரு பாசம். 'வேன் மாமா, வேன் மாமா' என்று உயிரை விடுவார்கள். முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார அடிதடியே நடக்கும். ஏன் தெரியுமா? முன்சீட்டில் உட்காருகிற பிள்ளைக்கு ஒரு வேலை உண்டு. எங்கள் வழியில் ரயில்வே கேட் ஒன்று இருக்கிறது. கேட் மூடியிருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கொஞ்சம் சாய்வேன். ரயில் போய் கேட் திறந்ததும் முன்சீட்டுப் பிள்ளை என் காதைத் திருகி, "கேட் திறந்துட்டு, மாமா!" என்று கத்த வேண்டும். பின்னால் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கைதட்டும். அவர்களே உண்டாக்கிய விளையாட்டு அது. இன்றைக்கு யார் காது திருகுவது என்று அவர்களுக்குள் முறை வைத்திருந்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. வேறு எந்த டிரைவரிடம் பிள்ளைகள் இவ்வளவு உரிமையோடு இருக்கும், சொல்லுங்கள்?

அந்த விளையாட்டில்தான் எனக்கு வினை வந்தது. ஜெபசீலி என்று ஒரு பிள்ளை, இரண்டாம் வகுப்பு. பல் விழுந்த வாயோடு பாட்டுப் பாடிக்கொண்டே வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா டி.வி. பார்த்துக்கொண்டே நாற்காலியில் தூங்கியிருக்கிறார். இவள் ஓடிப் போய் அவர் காதைப் பிடித்துத் திருகி, "கேட் திறந்துட்டு!" என்று கத்தியிருக்கிறாள். அவர் அலறி எழுந்திருக்கிறார். அவள் அம்மா, "எங்கட்டி இதப் படிச்ச?" என்று கேட்க, பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியுமா? எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். முறை வைத்திருப்பதைச் சொல்லிவிட்டாள். குளத்தங்கரையையும் சொல்லிவிட்டாள்.

குளத்தங்கரையா? அது ஒன்றும் இல்லை. அதை விடுங்கள்.

சரி, நீங்கள் கேட்பதால் சொல்கிறேன். ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிட்டது. குளத்தங்கரை ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். கேட்டுக்கு இன்னும் வெகு தூரம். திடீரென்று ஜெபசீலி என் காதைத் திருகினாள். சாதாரணமாகத் திருகவில்லை, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். நான் பிரேக் போட்டுவிட்டுச் சத்தம் போட்டேன். "இங்க எங்கட்டி கேட் இருக்கு? எதுக்குத் திருகுன?" என்றேன். அவள் அழவில்லை. "மாமா, வண்டி தண்ணியப் பாத்துப் போச்சு" என்றாள்.

பிள்ளைகள் அப்படித்தான் எதையாவது சொல்லும். அந்தக் கரையில் ரோடு கொஞ்சம் வளையும், பார்க்கிறவர்களுக்கு வண்டி தண்ணீரைப் பார்த்துப் போகிற மாதிரித்தான் தெரியும். நான் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. அன்றைக்குப் பின்சீட்டில் இருந்த பிள்ளைகள் யாரும் கைதட்டவில்லை. அதுதான் கொஞ்சம்... ஒன்றுமில்லை, எல்லாருக்கும் பசி நேரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலையில் ஜெபசீலி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினால், பிள்ளை வரவில்லை, அவள் அம்மா வருகிறாள். "டிரைவரண்ணே, எம் பிள்ளைய நீரு சம்பளத்துக்கா வச்சிருக்கீரு? உம்ம எழுப்பி விடவா நாங்க பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதோம்?" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "எட்டி, பாத்துப் பேசு. இத்தன வருசத்துல வண்டியில ஒரு கீறல் விழுந்திருக்கா?" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். "கீறல் விழாததுக்கு எம் பிள்ள கைதாம்வே காரணம்!" என்றாள். கேட்டீர்களா பேச்சை? ஏழு வயதுப் பிள்ளையின் கையாம்!

விஷயம் பள்ளிக்கூடத் தாளாளர் வரைக்கும் போயிற்று. அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் பெற்றோர்கள் நாலு பேர் போய் நின்றால் அவர் என்ன செய்வார்? "தவசி, டாக்டர் சரின்னு சொல்லட்டும், அப்புறம் வண்டிய எடு" என்றார். அன்றையிலிருந்து வண்டி வீட்டு வாசலில் நிற்கிறது. தினமும் துடைக்கிறேன். என் பிள்ளைகளை வேறு ஒருவன் ஏற்றிக்கொண்டு போகிறான். அவன் வண்டியில் ஒழுங்காக ஹாரன்கூட இல்லை.

வேறு வழியில்லாமல் அந்த வயர் டெஸ்டுக்குப் போனேன். தலையிலிருந்து கால் வரை வயரை ஒட்டினால் யாருக்குத்தான் மூச்சு ஒழுங்காக வரும்? அதில் ஏதோ மலைமலையாகக் கோடு வந்ததாம். நிறைமதி இப்போது இங்கேயே வேலைக்குச் சேர்ந்து, சின்ன டாக்டர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள்தான் அந்தக் கோட்டைக் காட்டி, "இந்த இடத்துலல்லாம் மூச்சு நின்னுருக்கு ஐயா" என்றாள். கோடு எனக்குப் படிக்கத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

பிறகு ஒரு மெஷின் கொடுத்தார்கள். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அது காற்றை ஊதிக்கொண்டே இருக்குமாம், தொண்டை மூடாதாம். பார்த்ததும் என் பேத்தி பிள்ளையார் என்று கும்பிட்டாள். ஒரே ஒரு நாள் மாட்டினேன். மறுநாள் காலையில் பாக்கியத்தாய் வந்து, "என்ன, இன்னைக்குப் பாட்டெல்லாம் பாடுதீய?" என்றாள். பாட்டு தானாக வந்தது. அதற்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு ஆம்பிளை தும்பிக்கையோடு தூங்குவதா? தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நிறைமதி என்னிடம் சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். "சரி ஐயா, உங்களுக்கு நம்பிக்கை இல்ல. நாம கண்ணால பாத்துருவோம்" என்றாள். மயக்க டாக்டர் பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை இந்த ஊசி வழியாக ஏற்றுவாராம். தூக்கம் வரும். அப்போது மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டு, தொண்டை எந்த இடத்தில் மூடுகிறது என்று டி.வி.யில் பார்ப்பார்களாம். இடம் தெரிந்தால் ஆபரேஷன் செய்து சரி பண்ணலாமா, அல்லது தும்பிக்கைதானா என்று முடிவு பண்ணுவார்களாம்.

"மூடலன்னா?" என்று கேட்டேன்.

"மூடலன்னா நானே உங்க தாளாளர்கிட்ட வந்து, இவர் வண்டி ஓட்டலாம்னு சொல்றேன்" என்றாள்.

கை கொடுத்தேன். பந்தயம் என்றால் தவசிமுத்து பின்வாங்க மாட்டான்.

இன்றைக்கு உள்ளே கூட்டம். மேல்படிப்பு டாக்டர்கள் எல்லாருக்கும் இதில் பயிற்சியாம். வேறு காலேஜிலிருந்தும் வந்திருக்கிறார்கள். பக்கத்து ஹாலில் பெரிய டி.வி. வைத்திருக்கிறார்கள். கேமராவைப் பிடிக்கப் போகிறவன் போன வருடம்தான் சேர்ந்த பையன். என்னிடம் வந்து, "உங்களுக்குச் சம்மதமா, ஐயா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சம்மதத் தாளைத் தலைகீழாக நீட்டினான். "தைரியமாப் பிடி. என் காதுல எத்தன பேர் கத்துக்கிட்டான் தெரியுமா? தொண்டையில நீ கத்துக்கோ" என்றேன். எத்தனை பேர் வேண்டுமானாலும் பார்க்கட்டும். என் தொண்டையில் மறைக்க என்ன இருக்கிறது? வருகிற திங்கள்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. லீவில் வண்டிக்கு ஆயில் மாற்றிவிட்டேன். சீட்டுக்குப் புது உறை போட்டுவிட்டேன். திங்கள்கிழமை நான் வண்டி எடுப்பேன்.

ம்...

...திருகாதே, கேட்...

ஆ? யார் பேசினார்கள்? நானா? இல்லை, அண்ணாச்சி. யோசித்துக்கொண்டிருந்தேன். காப்பி குடிக்காத மயக்கம். உங்களையும் வெறும் வயிற்றில் உட்கார வைத்தால் உங்களுக்கும் வரும். சரி, அதை விடுங்கள்.

உங்கள் மகள் பள்ளிக்கூடத்துக்கு எதில் போகிறாள்? வேனிலா? நல்லது. டிரைவர் யார், தெரிந்த ஆளா? நேரத்துக்கு வருவானா? நான் ஒரு நிமிஷம் பிந்தினது இல்லை. பிள்ளைகள் ஏறும்போது நானே இறங்கிப் பையை வாங்கி வைப்பேன். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன், சும்மா ஒரு பேச்சுக்கு. திங்கள்கிழமை காலையில் என் வண்டி உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்தான் ஓட்டி வருகிறேன். உங்கள் மகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஏற்றி அனுப்புவீர்களா?

சும்மா சொல்லுங்கள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

யோசிக்கிறீர்களா? யோசியுங்கள். யோசித்தே சொல்லுங்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 'அனுப்புவேன்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இவ்வளவு நேரம் நான் சொன்னதையெல்லாம் கேட்டுத் தலையாட்டினீர்களே. நியாயம் யார் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே. தரையை ஏன் பார்க்கிறீர்கள்? என் முகத்தைப் பாருங்கள்.

ஜெபசீலி அம்மா கத்தினாள். அது பரவாயில்லை. கத்துகிறவர்களுக்குப் பதிலுக்குக் கத்தலாம். நீங்கள் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறீர்களே, இதற்கு நான் என்ன பதில் சொல்ல?

சரி. சரி. உங்கள் பிள்ளை, உங்கள் இஷ்டம்.

என்ன நர்ஸம்மா? ஆமா, நான்தான் தவசிமுத்து. வாரேன், வாரேன். அந்தத் தள்ளுவண்டியைக் கொண்டுபோங்கள். என் காலில் நடந்து வருவேன்.

அந்த நிறைமதியிடம் சொல்லுங்கள், அவசரமாகப் பார்க்க வேண்டாம். அந்தப் பையனையும் நிதானமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹாலில் இருக்கிற எல்லா டாக்டரும் நல்ல இடமாகப் பார்த்து உட்காரட்டும். மூடுகிறதா இல்லையா என்று ஒன்றுக்கு நாலு தடவை பார்க்கட்டும். பார்த்துவிட்டு, இருக்கிறதை இருக்கிறபடி சொல்லட்டும். எனக்காக ஒரு எழுத்துக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் போய்த் தூங்கிவிட்டு வருகிறேன்.